இரவல் நூலும் வாசகர் குறிப்பும்: கல்முனைக் கரையின் வாசிப்பு மரபு

நூலகத்தில் இரவலாகப் பெற்ற நூலைத் திருப்பிக் கொடுக்குமுன் வாசகர் எழுதிவைக்கும் சில வரிகளே வாசகர் குறிப்பு. கொப்பியொன்றில் நூற்பெயர், ஆசிரியர் பெயர், வாசித்த திகதி என்ற அளவில் அது நின்றுவிடலாம். சஞ்சிகை ஆசிரியருக்கு எழுதிய கடிதமாகவும், ஞாயிறு இதழின் நூலறிமுகமாகவும், பல ஆண்டுகளுக்குப் பின் அதே நூலின் மறுபதிப்புக்கு முன்னுரையாகவும் அது வளரலாம். திறனாய்வு வரலாற்றை எழுதுவோர் இதற்குத் தனி இடம் கொடுப்பதில்லை. பெரும் பதிப்பகங்கள் இல்லாத, ஒரு நூல் சில நூறு படிகளே அச்சாகும் பிரதேசத்தில் இது பெரிய குறை. அங்கே எந்த நூல் அடுத்த தலைமுறையின் கைக்குப் போய்ச் சேர்ந்தது, எது தொலைந்தது என்பதைத் தீர்மானித்தவர்கள் எழுதிவைத்த வாசகர்களே. இலங்கையின் கிழக்கில் கல்முனையும் அதன் அயலூர்களும் இதற்குத் தெளிவான சான்று.

வடக்கே பெரியநீலாவணை தொடங்கித் தெற்கே நிந்தவூர் வரையும், அதற்கப்பால் அக்கரைப்பற்று வரையும், கடலோரச் சாலையை ஒட்டித் தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் மாறி மாறி வருகின்றன. நெசவுக்குப் பெயர்பெற்ற மருதமுனை, திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பால் அறியப்பட்ட பாண்டிருப்பு, கல்முனை நகரம், கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று ஓர் ஊரின் எல்லையிலேயே அடுத்த ஊர் தொடங்கிவிடும். மேற்கே நீர்ப்பரப்பைக் கடந்தால் வயல்வெளி. அங்கேதான் நாவிதன்வெளிப் பிரதேசம். அன்னமலை, சொறிக்கல்முனை, சாளம்பைக்கேணி, மத்திய முகாம் ஆகியவை அதன் ஊர்கள். இவற்றுள் ஒரு பகுதி பழைய குடியிருப்பு. மற்றொரு பகுதி 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் உருவான குடியேற்றம். கல்முனையையும் நாவிதன்வெளியையும் இணைப்பது கிட்டங்கித் தாம்போதி. மாரி மழை வலுத்து வெள்ளம் தாம்போதிக்கு மேலால் பாயத் தொடங்கினால் பாடசாலைக்கும் ஆசுபத்திரிக்கும் சந்தைக்கும் போவோர் அக்கரையிலேயே நின்றுவிட நேரும். நூலகத்துக்குப் போவோரும் அப்படியே. இரவல் நூலைத் திருப்ப வேண்டிய திகதி இந்தப் பிரதேசத்தில் வானிலையோடும் சேர்த்துப் பார்க்கப்பட வேண்டிய ஒன்று.

இலங்கையில் பொது நூலகங்களை நடத்துபவை உள்ளூராட்சி மன்றங்கள். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் நூலகங்கள் மாநகர சபையின் கீழ் உள்ளன. கிராமப் பகுதிகளில் அந்தப் பொறுப்பு பிரதேச சபைகளுடையது. உறுப்புரிமைக்குப் பிணையாளரின் கையொப்பம் வேண்டும். நூலை வைத்திருக்கும் தவணை பொதுவாக இரண்டு வாரம். நூலின் உள்ளட்டையில் ஒட்டிய திகதிச் சீட்டில் திருப்ப வேண்டிய நாள் முத்திரையாகப் பதியப்படும். ஒரு நூல் எத்தனை தடவை வெளியே போனது, எந்தக் காலத்தில் தேடப்பட்டது, எப்போது முதல் யாரும் தொடாமல் கிடக்கிறது என்பனவெல்லாம் அந்தச் சீட்டில் தெரியும். ஆனால் வாசித்தவர் அதில் என்ன கண்டார் என்பதை அறிய அதில் வழியில்லை. அந்த இடத்தை நிரப்புவது வாசகர் குறிப்பு.

அலமாரியில் சிதறிய பிரதேசம்

இந்நூலகங்கள் கைக்கொள்வது மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு. அறிவு முழுவதையும் பொருள்வாரியாகப் பிரித்து இலக்கமிடும் அந்த முறையில் தமிழ் இலக்கியத்துக்குக் கிடைத்த இடம் 894.811. சங்கப் பாடல்களும் இன்றைய கல்முனைக் கவிஞரின் தொகுதியும் அதன் கீழ்தான் வரும். நாட்டார் பாடல் 398க்குப் போகும். இஸ்லாம் 297, இலங்கை வரலாறு 954.93, நெற்செய்கை 633.18. காரைதீவில் பிறந்த விபுலாநந்தரின் யாழ் நூல் இசைக்குரிய 780களில் நிற்கும். கல்முனைக் கரையைப் பற்றி வாசிக்க விரும்பும் ஒருவர் நூலகத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தேடியாக வேண்டும். எதைத் தேடுவது என்று முன்னரே அறிந்தவருக்கு அது கடினமல்ல. புதிதாக வரும் பாடசாலை மாணவிக்குத் தன் ஊரைப் பற்றிய நூல்கள் இருப்பதே தெரியாமல் போய்விடும்.

விபுலாநந்தர் பிறந்த அதே 1892ஆம் ஆண்டில் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் இந்தச் சிக்கலை நன்றாகக் கண்டவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற அவர் 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். 1933இல் கோலன் பகுப்பு வந்தது. வாசகருக்கு உரிய நூலும் நூலுக்கு உரிய வாசகரும் கிடைக்கச் செய்வதே நூலகத்தின் கடமை என்பது அந்த விதிகளில் இரண்டின் சாரம். அவருடைய பகுப்பில் பொருள், இடம், காலம் ஆகியவை தனித்தனிக் கூறுகளாகப் பிரிக்கப்பட்டு ஓர் இலக்கத்தில் சேர்க்கப்படும்; இலக்கியத்தில் ஆசிரியரின் பிறந்த ஆண்டே அவருக்குரிய இலக்கத்தைத் தரும். இடத்தை முதன்மைப்படுத்தித் தேடும் வாசகருக்கு இது பெரிதும் உதவும். இலங்கை நூலகங்கள் அந்த வழிக்குப் போகவில்லை. அவற்றுக்குக் கிடைத்த மாற்றுவழி, ஊர் நூல்களைத் தனித் தட்டில் ஒதுக்கும் உள்ளூர்ச் சேகரிப்பு. அது எவ்வளவு நிறைவாக அமையும் என்பது பொறுப்பிலுள்ள நூலகரின் ஆர்வத்தைப் பொறுத்தது.

வாசகர் வெளியீட்டாளரானபோது

எழுதிவைக்கும் வாசகர் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குக் கல்முனையிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1960களில் இங்கு இலக்கிய வாசகர்களின் கூட்டமொன்று உருவாயிற்று. அதன் நடுவில் இருந்தவர் பெரியநீலாவணையைச் சேர்ந்த ஆசிரியரும் கவிஞருமான நீலாவணன் (1931–1975). கல்முனை எழுத்தாளர் சங்கத்தை முன்னின்று நடத்தியவரும் அவரே. அவருடைய நெருக்கத்தில் கவிதைக்கு வந்த இளையவர்களுள் ஒருவர் கல்முனைக்குடியில் 1944இல் பிறந்த எம்.ஏ. நுஃமான். 1969–1970 காலத்தில் நுஃமான் கல்முனையிலிருந்து ‘கவிஞன்’ என்ற கவிதைக் காலாண்டிதழை வெளியிட்டார். அதே காலத்தில் ‘வாசகர் சங்கம்’ என்ற பெயரில் நூல் வெளியீடும் தொடங்கிற்று. பதிப்பகத்துக்கு வாசகரின் பெயரை இட்டது தற்செயலாக நேர்ந்ததாகத் தெரியவில்லை. அதன் நூல்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால், ஒருவர் வாசித்து முக்கியம் என்று கண்டவற்றைப் பிறருக்கும் கிடைக்கச் செய்த முயற்சியாகவே அது தெரிகிறது.

அந்த வரிசையில் முதலில் வந்தவை மஹாகவியின் நூல்கள். மஹாகவி என்ற து. உருத்திரமூர்த்தி (1927–1971) யாழ்ப்பாணத்து அளவெட்டியில் பிறந்தவர். பேச்சோசையைச் செய்யுளுக்குள் கொண்டுவந்து, சாதாரண மனிதரின் அன்றாட வாழ்வைக் கவிதையின் பொருளாக்கியவர் என்று இன்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். அன்று அந்த ஒப்புதல் இருக்கவில்லை. அவர் எழுதியவற்றில் ஒரு பகுதியே நூலாகியிருந்தது. ‘குறும்பா’வை 1966இல் கொழும்பில் எம்.ஏ. ரஹ்மானின் அரசு வெளியீடு கொண்டுவந்தது. ‘கோடை’ என்ற பா நாடகம் 1970இலும், ஒரு மனிதனின் வாழ்வைப் பிறப்பிலிருந்து தொடரும் ‘ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்’ 1971இலும், ‘வீடும் வெளியும்’ 1973இலும் கல்முனை வாசகர் சங்க வெளியீடுகளாக வந்தன. வடக்கின் கவிஞர் ஒருவரை நூலாக்கி நிலைநிறுத்திய பணியில் பெரும்பங்கு கிழக்கின் கடற்கரை ஊரொன்றில், அவரை ஆழ்ந்து வாசித்த ஓர் இளைஞரால் செய்யப்பட்டது. ஈழத்துக் கவிதையின் வரலாற்றில் இதற்கு இன்னும் உரிய அழுத்தம் கொடுக்கப்படவில்லை.

வாசகர் சங்கத்தின் பிற்கால வெளியீடுகளிலும் இதே நோக்கம் தெரிகிறது. நுஃமானின் சொந்தத் தொகுதியான ‘தாத்தாமாரும் பேரர்களும்’ 1977இல் வந்தது. சி. மௌனகுரு, மௌ. சித்திரலேகா, எம்.ஏ. நுஃமான் மூவரும் சேர்ந்து எழுதிய ‘இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம்’ 1979இல் வந்தது. பல்கலைக்கழக மாணவர்கள் பல ஆண்டுகளாகக் கையில் வைத்திருந்த இந்தச் சிறு நூலின் பலம் அதன் வாசிப்புப் பரப்பு. நாவல், சிறுகதை, கவிதை, நாடகம் என்று ஒவ்வொன்றிலும் எவை வந்தன, எவற்றை ஏன் கவனிக்க வேண்டும் என்று அது சொல்லிச் செல்கிறது. நூற்பட்டியலும் மதிப்பீடும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. 1981இல் ஆங்கில வழியாகத் தமிழாக்கப்பட்ட ‘பலஸ்தீனக் கவிதைகள்’ வெளியானது. நிலமும் வீடும் இழந்தவர்களின் அக்கவிதைகள் பின்வந்த ஈழத்துக் கவிஞர்கள் பலருக்கு ஒரு மொழியைத் தந்தன. 1999இல் ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ வந்தது. கவிதைநூலில் தொடங்கிய ஒரு வெளியீட்டு முயற்சி முப்பது ஆண்டுகளில் இலக்கண நூல் வரை வந்திருக்கிறது. இலாபத்தைக் கணக்கிட்டிருந்தால் இந்த வரிசையில் பாதி நூல்கள் அச்சேறியிருக்க மாட்டா.

1984இல் சென்னையில் க்ரியா வெளியிட்ட ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’ இந்த வாசிப்பு மரபின் இன்னொரு விளைவு. நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்த அந்நூலில் நீலாவணன், சண்முகம் சிவலிங்கம், நுஃமான் ஆகிய மூவர் கல்முனைக் கரையினர். ஒருவர் பெரியநீலாவணை, ஒருவர் பாண்டிருப்பு, ஒருவர் கல்முனைக்குடி. மூவரும் ஒருவரையொருவர் வாசித்தவர்கள். ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதியவர்கள். சிறிய நிலப்பரப்பில் இவ்வளவு கவிதை விளைந்ததற்குக் காரணம் தேடுவோர், உடனுக்குடன் வாசித்துக் கருத்துச் சொல்லும் நண்பர்கள் நடந்துபோகும் தூரத்தில் இருந்ததை முதலில் எண்ண வேண்டும்.

வாசிக்கக் கிடைக்கும் நூல்களும் அவை தரும் அனுபவமும்

இந்தக் கரையின் நூல்களுள் இன்றைய வாசகர் ஒருவர் இரவல் பெறக்கூடியவற்றில் முதலில் சொல்ல வேண்டியது நீலாவணனின் ‘வேளாண்மை’. கவிஞர் மறைந்த பின் 1982இல் அது நூலாயிற்று. ‘வழி’ என்ற கவிதைத் தொகுதி அதற்கு முன்னரே 1976இல் வந்துவிட்டது. வயல் வேலையும் குடும்ப உறவும் கலந்த காவியம் இது. போடியார், முல்லைக்காரன், வட்டை விதானை, களவெட்டி, சூடு, பொலி, உப்பட்டி என்று மட்டக்களப்புப் பிரதேசத்து உழவு வாழ்வின் சொற்கள் அவற்றுக்குரிய வேலையோடும் வேளையோடும் அதில் இடம்பெறுகின்றன. இயந்திரம் வந்து சூடடிப்பும் களவெட்டிச் சடங்கும் அருகிவிட்ட இந்நாளில் இதை வாசிப்பவருக்கு இரண்டு அனுபவங்கள் ஒருசேரக் கிடைக்கின்றன. ஒன்று, ஓசையின் இன்பம். நீலாவணனின் செய்யுள் வாய்விட்டு வாசிக்கும்போதுதான் முழுமையாகத் திறக்கிறது. மற்றது, மறைந்துபோன ஒரு வேலைமுறையின் விவரம். இரண்டாவதை மட்டும் எடுத்து ‘இது ஒரு நாட்டாரியல் ஆவணம்’ என்று எழுதிவிடும் குறிப்புகள் கவிஞருக்கு நீதி செய்வதில்லை. வேலையின் விவரம் அங்கே மனிதர்களின் விருப்பத்துக்கும் மனத்தாங்கலுக்கும் பின்புலமாக வருகிறது. அந்த மனிதர்களுக்காகவே நூல் எழுதப்பட்டிருக்கிறது.

நாவிதன்வெளி வாசகர் ஒருவருக்கு இந்நூலில் தனிப்பட்ட ஓர் உரிமையும் உண்டு. கரையோர ஊர்களின் நெற்காணிகள் பெரும்பாலும் மேற்கே, நீருக்கு அப்பால் இருந்தன. கரையில் குடியிருந்து, விதைப்புக்கும் அறுவடைக்கும் அக்கரைக்குப் போய் வாடியடித்துத் தங்குவது தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழக்கம். காவியம் பாடும் நிலம் அந்த வாசகரின் வீட்டு வாசலில் இருக்கிறது. கொழும்பிலோ சென்னையிலோ வாசிப்பவர் அருஞ்சொல் விளக்கத்தைப் புரட்டிப் பார்க்கும் இடங்களில் இவர் தடங்கலின்றிப் போவார். அப்படிப்பட்டவர் எழுதும் குறிப்புக்கு நகரத்துத் திறனாய்வாளரின் கட்டுரையால் ஈடுசெய்ய முடியாத பெறுமதி உண்டு. எந்தச் சொல் இன்னும் வழக்கில் இருக்கிறது, எது பாட்டனோடு போயிற்று, எந்த வேலை இன்று வேறு பெயரில் நடக்கிறது என்று சொல்ல அவரால் முடியும்.

சண்முகம் சிவலிங்கத்தின் ‘நீர்வளையங்கள்’ (1988) முற்றிலும் வேறான வாசிப்பைக் கேட்கிறது. புறக்காட்சியில் தொடங்கி உள்ளே திரும்பும் கவிதைகள் அவை. ஒரே தடவையில் முடித்துத் திருப்பிக் கொடுப்பதற்கு ஏற்றவை அல்ல. இரண்டு வாரத் தவணையில் அவற்றுள் நாலைந்தை நின்று வாசிப்பது முழுவதையும் புரட்டி முடிப்பதைக் காட்டிலும் பயன் தரும். கல்முனையின் சோலைக்கிளி எண்பதுகளில் எழுதத் தொடங்கியவர். ‘நானும் ஒரு பூனை’ (1985), ‘எட்டாவது நரகம்’ (1988), ‘காகம் கலைத்த கனவு’ (1991) ஆகிய தலைப்புகளே அவருடைய உலகத்தைக் காட்டிவிடும். பறவையும் விலங்கும் மரமும் பேசும் அந்தக் கவிதைகளைச் சிறுவர் உலகத்தின் விளையாட்டு என்று தொடங்கும் வாசகர், சில பக்கங்களுக்குள் அச்சம் நிறைந்த ஓர் ஊருக்குள் நிற்பதை உணர்வார். 1985இலும் 1990இலும் இந்தக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் அனுபவித்த வன்முறை அறிக்கைகளில் எண்களாக இருக்கிறது. அந்த நாட்களின் மனநிலையை அறியச் சோலைக்கிளியிடம்தான் போக வேண்டும்.

உரைநடையில் மருதமுனையின் மருதூர்க்கொத்தனைத் தவிர்க்க முடியாது. ‘மருதூர்க்கொத்தன் கதைகள்’ 1985இல் நூலாயிற்று. ஏழை முஸ்லிம் குடும்பங்களின் வாழ்வை உள்ளிருந்து எழுதிய கதைகள் அவை. பேச்சுமொழி உரையாடலில் மட்டும் ஒட்டி நிற்காமல் கதைசொல்லும் நடையிலும் ஊறியிருக்கிறது. உமா வரதராஜனின் ‘உள்மன யாத்திரை’ (1988) அதற்கு எதிர்முனை: இறுக்கமான நடை, தனிமனிதரின் மனம், சொல்லாமல் விடும் திறன். இரண்டு நூல்களையும் அடுத்தடுத்து இரவல் பெறும் வாசகர் அடுத்தடுத்த ஊர்களில் ஒரே காலத்தில் எழுதப்பட்ட சிறுகதை எவ்வளவு அகலமானது என்பதைத் தாமே கண்டுகொள்வார். இதைச் சொல்லிக்கொடுக்கத் தனி விரிவுரை வேண்டியதில்லை.

அண்மைக் கால நாவல்களுள் விமல் குழந்தைவேலின் ‘கசகறணம்’ (காலச்சுவடு, 2011) இந்தக் கரையின் வாசகரை நேராகத் தொடுவது. அக்கரைப்பற்றுச் சந்தையைச் சுற்றி வாழ்ந்த தமிழர், முஸ்லிம்களின் கொடுக்கல்வாங்கலும் பின்னர் நேர்ந்த பிளவும் அதன் பொருள். பிரதேசப் பேச்சுவழக்கு இவ்வளவு அடர்த்தியாக வரும் நூல்கள் தமிழில் குறைவு. அதே அக்கரைப்பற்றில் நீண்டகாலம் களஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் தம் ஆய்வை ஆங்கிலத்தில் பெருநூலாக்கினார். தாய்வழிக் குடி முறை தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாக இருப்பதை அது விரிவாகக் காட்டுகிறது. நாவலும் ஆய்வும் ஒரே ஊரை இரு பக்கமிருந்து அணுகுகின்றன. ஆய்வு கூறும் உறவுமுறை நாவலில் கோபமாகவும் பாசமாகவும் நடமாடுவதைக் காணும் வாசகர் இரண்டையும் முன்னைவிட நன்றாக விளங்கிக்கொள்வார். இந்தப் பிரதேசத்தின் பழைய வரலாற்றுக்கு எஃப்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ (1962), மண்டூரைச் சேர்ந்த வி.சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) ஆகியவையும், முஸ்லிம்களின் நாட்டார் பாடலுக்கு நிந்தவூர் எஸ். முத்துமீரானின் தொகுப்புகளும் துணை. மான்மியத்தை ஐதிகமும் வரலாறும் கலந்த ஏடாகவே வாசிக்க வேண்டும். அதிலுள்ளதை அப்படியே ஊர்வரலாறாக எடுத்தெழுதும் வழக்கம் பாடசாலை மலர்களில் நெடுநாளாகத் தொடர்கிறது.

விபுலாநந்தரின் யாழ் நூலை இந்த வரிசையில் கடைசியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. 1947 ஜூன் மாதம் தமிழகத்தின் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிய அந்நூல், ஆசிரியர் அதே ஆண்டு ஜூலை 19இல் மறைவதற்குச் சில வாரங்கள் முன்னரே வெளிவந்தது. கணக்கும் இசையியலும் நிறைந்த அதைப் பொது வாசகர் முழுமையாகப் பின்தொடர்வது கடினம். ஆனால் அதன் தோற்றுவாய் ஒரு வாசிப்பு. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழாசிரியனின் இலக்கணத்தைக் கூறும் 25 அடிகளுக்கு விளக்கம் காண முயன்றதிலிருந்து பல ஆண்டு உழைப்பில் அந்தப் பெருநூல் விரிந்தது. வாசிக்கையில் எழும் ஐயத்தைக் குறித்துவைத்து விடாமல் தொடர்ந்தால் அது எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதற்கு இந்தக் கரையில் இதைவிடப் பெரிய சான்று இல்லை.

பதிவுகளும் இழப்புகளும்

வாசகரின் தனிக்குறிப்புக்கு அடுத்த படி நூல்விவரணம். ஈழத்து நூல்களைத் திரட்டிப் பதியும் வேலையை அரச நிறுவனங்கள் மட்டும் செய்துவிடவில்லை. 1885ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி அச்சகத்தார் படிகளை அரசுக்குக் கையளிக்க வேண்டும். தேசிய நூற்பட்டியலும் வெளியாகிறது. எனினும் ஊர் அச்சகத்தில் ஆசிரியரே செலவு செய்து அடித்த நூல்கள் பல அந்த வலையில் சிக்காமல் போயின. அவற்றைத் தேடிப் பிடித்தவர்கள் வாசகர்கள். யாழ்ப்பாணத்துக் குரும்பசிட்டியின் இரசிகமணி கனக. செந்திநாதன் தம் வாசிப்பின் பலத்தில் 1964இல் ‘ஈழத்து இலக்கிய வளர்ச்சி’யை எழுதினார். எஃப்.எக்ஸ்.சி. நடராசாவின் ‘ஈழத்துத் தமிழ் நூல் வரலாறு’ 1970இல் வந்தது. இலங்கை முஸ்லிம்களின் நூல்களுக்கு அந்தப் பணியைச் செய்தவர் சாய்ந்தமருதைச் சேர்ந்த எஸ்.எச்.எம். ஜெமீல். 1994 முதல் பல பாகங்களாக வந்த அவருடைய ‘சுவடி ஆற்றுப்படை’ இல்லாவிடில் கிழக்கின் முஸ்லிம் புலவர்கள் எழுதிய நூல்கள் பலவற்றின் பெயர்கூட இன்று தெரியாது. 2002 முதல் என். செல்வராஜா வெளியிட்டுவரும் ‘நூல் தேட்டம்’ ஒவ்வொரு தொகுதியிலும் 1000 நூல்களைக் குறிப்புரையோடு பதிகிறது. அந்தக் குறிப்புரைகள் சில வரிகளே. நூலைப் பார்க்காதவருக்கும் அதன் உள்ளடக்கத்தை உணர்த்தும் அளவுக்குச் செறிவானவை.

சஞ்சிகைகளின் பங்கும் பெரியது. 1966 முதல் டொமினிக் ஜீவா நடத்திய ‘மல்லிகை’யில் வாசகர் கேள்விக்கும் கடிதத்துக்கும் நிலையான இடம் இருந்தது. மட்டக்களப்பில் பிறந்த கே.எஸ். சிவகுமாரன் தமிழிலும் ஆங்கிலத்திலும் பல தசாப்தங்கள் பத்தி எழுதி, ஈழத்து நூல்களை ஒவ்வொன்றாக அறிமுகம் செய்தார். கடுமையான திறனாய்வை எதிர்பார்ப்போர் அவருடைய பத்திகளை மென்மையானவை என்பார்கள். ஆனால் அவர் எழுதாமல் விட்டிருந்தால் பல நூல்களைப் பற்றி எழுத்தில் ஒரு வரியும் மிஞ்சியிராது. வேண்டியபோது அறிமுகம் செய்வதும் திறனாய்வில் அடங்கும்.

இவற்றோடு ஒப்பிடும்போது வெளியீட்டு விழாக்களில் பேசப்படும் கருத்துகள் காற்றோடு போவது வருந்தத்தக்கது. கிழக்கில் ஒரு நூல் வெளிவருவதென்றால் பாடசாலை மண்டபத்திலோ பிரதேச செயலகத்திலோ விழா நடக்கும். தலைமையுரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதிகள், நூல் ஆய்வுரை, ஏற்புரை என்பது ஒழுங்கு. சிறப்புப் பிரதி பெறுவோர் உவந்து கொடுக்கும் பணத்தில்தான் அச்சுச் செலவின் ஒரு பகுதி ஈடாகிறது. ஆய்வுரை நிகழ்த்துவோர் பலர் நூலை நன்றாக வாசித்து, கைக்குறிப்போடு வருபவர்கள். அந்தக் குறிப்பு அவர்களுடைய சட்டைப்பையோடு திரும்பிவிடுகிறது. பத்திரிகையில் யார் யார் மேடையில் இருந்தார்கள் என்ற செய்தி மட்டும் வருகிறது. ஒக்டோபரில் நூலகங்களும் பாடசாலைகளும் கொண்டாடும் தேசிய வாசிப்பு மாதத்தில் மாணவர் எழுதும் நூல் நயவுரைகளும் பரிசளிப்போடு முடிந்துவிடுகின்றன.

எழுத்தில் இருந்தவையும் பாதுகாப்பாக இருக்கவில்லை. 1981 ஜூன் முதலாம் திகதி அதிகாலை யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. மூன்று தசாப்தப் போரில் இடம்பெயர்ந்தவர்கள் முதலில் விட்டுச்சென்ற பொருள்களுள் நூல்களும் கொப்பிகளும் இருந்தன. 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. உயிரிழப்பின் முன்னே நூலிழப்பைச் சொல்லக் கூசும். ஆயினும் கடலோர வீடுகளில் ஆசிரியர்களும் புலவர்களும் சேர்த்துவைத்த ஏடுகள், கடிதங்கள், கையெழுத்துப் பிரதிகள் அன்று அழிந்ததும் இந்த வரலாற்றின் பகுதியே. அதே ஆண்டுகளில் உருவெடுத்து 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலக முயற்சி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படியெடுத்து இணையத்தில் எவரும் வாசிக்க வைத்தது. மாரிக் காலத்தில் கிட்டங்கியைக் கடக்க முடியாத வாசகருக்கும், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருப்பவருக்கும் ‘கவிஞன்’ இதழ் இன்று ஒரே தூரத்தில் இருக்கிறது.

வாசகர் குறிப்பு பயன்படுவதற்கு நீளம் தேவையில்லை. எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு, எந்த அச்சகம், முன்னுரை யாருடையது, எந்த நூலகத்தின் படி, எந்தப் பக்கங்கள் கிழிந்திருந்தன என்பவை முதலில் வர வேண்டும். மறுபதிப்புச் செய்ய முனைவோர் தேடுவது இவற்றையே. அடுத்து, நூலில் வரும் ஊர், தொழில், சொல், வழக்கம் ஆகியவற்றுள் வாசகர் நேரில் அறிந்தவை எவை, நூலோடு மாறுபடுபவை எவை என்பது. பிடித்தது, பிடிக்கவில்லை என்ற தீர்ப்பு அதற்கான இடத்தோடு சேர்ந்து வந்தால் அது பிறருக்கும் உதவும். ‘நடை நன்று’ என்று மட்டும் எழுதினால் உதவாது. வாசித்த திகதியும் அவசியம். ‘கசகறண’த்தை 2011இல் வாசித்தவரும், போரின் பின்னான சூழலிலேயே வளர்ந்து இன்று வாசிப்பவரும் வாசிப்பது ஒரே நூலைத்தான் என்றாலும் அவர்கள் எழுதுவது ஒன்றாக இராது.

இத்தகைய குறிப்புகளை நூலகமே ஏற்று வைத்துக்கொள்வதற்குப் பெரிய செலவில்லை. வாசகர் தரும் தாளை அந்த நூலின் பகுப்பிலக்கத்தை இட்டு உள்ளூர்ச் சேகரிப்பில் கோவைப்படுத்தலாம். விழா ஆய்வுரைகளின் கையெழுத்துப் பிரதியையும் மாணவர் நயவுரைகளில் தேர்ந்தவற்றையும் அதே கோவையில் சேர்க்கலாம். 894.811 தட்டில் நிற்கும் ‘வேளாண்மை’யைத் தேடி வருபவருக்கு, அக்கரை வயலில் இன்றும் விதைப்பவர் ஒருவர் அதை வாசித்து எழுதிய பக்கமும் அப்போது கிடைக்கும்.